படலையைத் திறப்பதற்கு முன்: இளம் நாயோடு ஓடப் போகிறவர்களுக்கு

காலையில் எங்கள் மிருக வைத்திய நிலையத்துக்கு முதல் ஆளாக ஒரு தம்பி நாயோடு வந்து நின்றார். நாய்க்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டிருந்தது அவருடைய உள்ளங்கையிலும் முழங்காலிலும்தான். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையோரம் ஓடிக்கொண்டிருந்தபோது மீன்காரர் ஒருவரின் சைக்கிள் கடந்திருக்கிறது. மீன்பெட்டி மணத்துக்கு ஒன்பது மாத லாப்ரடோர் குறுக்கே பாய, கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த கயிறு ஆளையும் சேர்த்து இழுத்து விழுத்திவிட்டது.

"டொக்டர், இவன் வீட்டில நல்ல பிள்ளை. றோட்டுக்கு வந்தால்தான் விசர் பிடிக்குது. அடக்கிறதுக்கு ஏதும் ஊசி இருந்தால் போட்டுவிடுங்கோ" என்றார்.

அப்படி ஓர் ஊசி என்னிடம் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். காலை ஏழு மணிக்குக் கட்டினால் இரவு பத்துக்குத்தான் அவிழ்ப்பார்களாம். பதினைந்து மணித்தியாலம்! நம்மூர் வளவுகளில் இது புதினமில்லை. பகல் முழுக்க மாமரத்தடியில் சங்கிலியோடு கிடந்த ஒரு இளம் நாய், வெளியே வந்ததும் ஒவ்வொரு மணத்துக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் பாயத்தான் செய்யும். அதை நான் குழப்படி என்று சொல்லமாட்டேன்.

"நல்லா ஓடவிட்டால் களைச்சுப்போய் அடங்கிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். ஓட ஓட நாய்க்குத் தெம்புதான் கூடும். இந்த மாதம் இரண்டு கிலோமீற்றரில் களைத்த நாய்க்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தூரம் போதாது. பணிவை ஓட்டத்தில் வைத்துப் பழக்க முடியாது. அதை மெதுவாக நடக்கும்போது பழக்க வேண்டும், அதற்கும் முன்னால் வீட்டுப் படலையில்.

கயிற்றைக் கையில் எடுத்ததும் நாய் குதிக்கிறதா? கயிற்றோடு போய்த் திண்ணையில் உட்காருங்கள். நான்கு காலும் நிலத்தில் பட்ட பிறகு மாட்டுங்கள். படலைக் கொண்டியில் கை வைத்ததும் எழும்பும். கையை எடுத்துவிடுங்கள். உட்காரும். மறுபடி கை வையுங்கள், மறுபடியும் எழும்பும். வாயே திறக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். முதல் நாள் இப்படியே பத்துப் பதினைந்து தடவை போகலாம், வெளியே இறங்காமலேயே பயிற்சி முடிந்தும் போகலாம். பரவாயில்லை. படலை திறந்த பிறகும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நாய் பாதிப் பாடத்தைப் படித்துவிட்டது.

சரி, ஒழுங்கைக்கு இறங்கியாயிற்று. நாய் ஏன் இழுக்கிறது? நம் நடை அதற்கு ஆமை வேகம், அது ஒன்று. இழுத்தால் முன்னால் போகலாம் என்று நாமே பழக்கிவிட்டோம், அது இன்னொன்று. கயிறு இறுகியதும் நில்லுங்கள். மரம் போல நில்லுங்கள். தளர்ந்ததும் நடங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் கடலை அளவு அவித்த கோழி ஈரல் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. ஈரலை முழங்கால் உயரத்திலேயே நீட்டுங்கள். முன்னால் நீட்டினால் முன்னாலேயே ஓடப் பழகும்.

யூடியூபில் நாயை இடப்பக்கம் நடத்துவார்கள். நான் வலப்பக்கம் என்பேன். இங்கே வாகனங்கள் இடது பக்கமாக ஓடுவதால், எதிரே வருவதைப் பார்த்தபடி நாம் றோட்டின் வலது ஓரத்தில் ஓடுவதுதான் பாதுகாப்பு. அப்போது நாய் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால்தான் பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள்.

கட்டளைச் சொல் எந்த மொழியிலும் இருக்கலாம். நாயோடு மட்டும் நம் ஆட்கள் ஏன் இங்கிலீசில் கதைக்கிறார்களோ தெரியாது. "கிட்ட வா" என்றாலும் அதற்கு விளங்கும். ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அம்மம்மா உட்பட.

நாய்க்கு மார்புப் பட்டி நல்லது. கழுத்தை இறுக்கும் சங்கிலி மூச்சுக்குழாயை அழுத்தும். கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் போதும். அதைக் கையில் சுற்றவே கூடாது.

இனித்தான் ஓட்டம். முதல் பத்து நிமிடம் மோப்பம் பிடிக்கவும் காலைத் தூக்கவும் விடுங்கள். பிறகு பத்து அடி மட்டும் ஓடி, நடையாகுங்கள். மறுபடி பத்து அடி. இளம் நாய்கள் பலவும் நாம் ஓடத் தொடங்கியதும் குதிகாலைக் கவ்வும், கயிற்றைக் கடித்து இழுக்கும். ஓடுகிற கால் அதற்கு விளையாட்டுச் சாமான். நீங்கள் கத்தினால் விளையாட்டு இன்னும் சூடு பிடிக்கும். அப்படியே நின்று, கையைக் கட்டி, வேறு பக்கம் பாருங்கள். ஓட்டம் நின்றால் விளையாட்டும் நின்றுவிடும் என்று அது கண்டுபிடிக்கட்டும். பத்து அடியில் கவ்வாவிட்டால் அடுத்த நாள் இருபது.

எலும்பையும் யோசிக்க வேண்டும். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு நடுத்தர அளவு நாய்களுக்கு ஏறக்குறைய 12 மாதத்திலும், லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரியவற்றுக்கு 14 முதல் 18 மாதத்திலும்தான் இறுகும். அதுவரை தார் றோட்டில் நீண்ட ஓட்டம் வேண்டாம். வளவில் தன்பாட்டில் ஓடிவிட்டுத் தானே படுப்பது வேறு.

அப்புறம் வெயில். பாதத்தில் கொஞ்சம் கசிவதைத் தவிர நாய்க்கு வியர்வை இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கடல்நீரேரியைச் சுற்றிய நம் ஈரக் காற்றில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. சோளகம் வீசுகிறதே என்று நம்பி ஒன்பது மணிக்குக் கூட்டிப் போகாதீர்கள். விடியற்காலை ஆறு மணியோடு ஓட்டம் முடிய வேண்டும். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் பாதத்துக்கும் அது கூடாது. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அந்த இடத்திலேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துணியால் போர்த்த வேண்டாம், சூடு உள்ளேயே நின்றுவிடும். குளிரவைத்துக்கொண்டே எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கட்டாக்காலி நாய்கள் துரத்தினால் ஓடாதீர்கள், ஓடுவதைத்தான் அவை துரத்தும். நின்று, உங்கள் நாயைப் பின்னால் விட்டு, கல் பொறுக்குவது போலக் குனிந்தாலே அநேகமானவை விலகும். உங்களைக் கடித்துவிட்டால் புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். உங்கள் நாய்க்குக் கடிபட்டால், வருடாந்தத் தடுப்பூசி போட்டிருந்தாலும் எங்களுக்குக் காட்டுங்கள். உண்மையான விசரை, அதாவது றேபிஸ் நோயைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைப் பகிடிக்குச் சொல்லமாட்டார்கள். அதைத் தம்பிக்கும் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து அவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கோட்டைப் பக்கம் ஓர் ஆடு மேய்கிறது. நாய் ஆட்டைப் பார்க்கிறது, இவரைப் பார்க்கிறது, ஈரலை வாங்கிக்கொண்டு நடக்கிறது. கயிறு தொங்கிக்கொண்டு இருக்கிறது. பகலில் கட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். நீண்ட ஓட்டத்துக்கு இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டாரா என்பது அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது நாயின் நடையில் தெரியும்.