மிசூரி மாநிலப் பொது நிலத்தில் காட்டு வான்கோழி வேட்டை: உரிமையும் விதிகளும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் காட்டு வான்கோழிக்கான இளவேனில் வேட்டைப் பருவம் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி 21 நாள் நடைபெறுகிறது. தமிழ்க் கணக்கில் சொன்னால், சித்திரை பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் பருவம் திறந்துவிடும். சொந்தமாக நிலம் இல்லாதவரும், நிலம் வைத்திருக்கும் எவரையும் அறியாதவரும் உரிய பெர்மிட்டை வாங்கிக்கொண்டு, அதுவரை கால் வைத்திராத ஒரு பொதுக்காட்டில் சட்டப்படி வேட்டையாடலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. பழக்கமில்லாத நிலத்தில் விதி வேறு, பறவையைத் தேடும் முறை வேறு என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. பறவையின் போக்கு தெரியாதவர் விதியை மீறாமல் இருப்பது கடினம் என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

பொது உரிமை எப்படி வந்தது

மிசூரியில் காடழிப்பும் கட்டுப்பாடற்ற வேட்டையும் சேர்ந்து இப்பறவையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியிருந்தன. 1937-இல் வான்கோழி வேட்டை முற்றிலும் நிறுத்தப்பட்டது. மாநிலக் காட்டுயிர்ப் பாதுகாப்புத் துறை 1954 முதல், எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து, பறவை அற்றுப்போன மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டது. 1960-இல் 14 மாவட்டங்களில் மூன்று நாள் மட்டும் பருவம் திறந்தபோது வேட்டையாடப்பட்டவை 94 பறவைகளே. இன்று ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் வேட்டையாடியும் இனம் நிலைத்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் பொதுப்பணம் இருக்கிறது. 1937-இல் நிறைவேறிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, காட்டுயிர் மீட்புக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதற்கும் மேலாக, மிசூரி வாக்காளர்கள் 1976-இல் தங்கள் மீதே ஒரு விற்பனை வரியை விதித்துக்கொண்டார்கள். எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. செயின்ட் லூயிஸ் நகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பமும், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காவிட்டாலும், இந்த நிலங்களுக்குத் தன் பங்கைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

எந்த நிலத்தில் நுழையலாம்

மாநிலத்தின் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தனியாருடையது. மீதமுள்ளதில் இரண்டு வகை நிலங்கள் புதியவருக்கு முக்கியமானவை. ஒன்று, பாதுகாப்புத் துறையின் மேற்பார்வையில் உள்ள ஏறத்தாழ 1,000 ‘கன்சர்வேஷன் ஏரியா’க்கள். தமிழ்நாட்டில் காப்புக்காடு என்ற பலகையைக் கண்டால் அனுமதியின்றி நுழையக்கூடாது என்றே நாம் பழகியிருக்கிறோம். இங்கே அதே பொருள்படும் பலகை, பெரும்பாலும், விதிக்குட்பட்டு வேட்டையாடலாம் என்பதற்கான அழைப்பாக இருக்கிறது. ஆயினும் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விதி இல்லை. சிலவற்றில் வில் மட்டுமே அனுமதிக்கப்படும். சிலவற்றில் ஈய ரவைக்கு, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் ஈயச் சிறுகுண்டுகளுக்கு, தடை உண்டு. சில பகுதிகளில் வேட்டையே கிடையாது. ஆகவே, அந்தந்தப் பகுதிக்கென வெளியிடப்பட்டுள்ள விதிகளையும் வண்டி நிறுத்துமிடத்தின் அறிவிப்பையும் வாசிக்காமல் உள்ளே இறங்கக்கூடாது. மற்றொன்று, தென்பகுதி ஓசார்க் மலைகளில் சுமார் 15 லட்சம் ஏக்கரில் விரிந்திருக்கும் மார்க் ட்வைன் தேசியக் காடு. அது நடுவண் அரசின் நிலமென்றாலும் வேட்டைக்கு மாநில விதிகளே பொருந்தும். இவை தவிர, உரிமையாளருக்கு அரசு பணம் கொடுத்து, பொதுமக்கள் நடந்து மட்டும் சென்றுவரத் திறந்துவிடப்பட்ட சில தனியார் நிலங்களும் உண்டு.

மார்க் ட்வைன் காடு ஒரே துண்டாகக் கிடப்பதில்லை. அதனுள்ளே தனியார் பண்ணைகள் ஆங்காங்கே குறுக்கிடுகின்றன. எனவே எல்லையை அறிவது முழுக்க வேட்டைக்காரரின் பொறுப்பு. மிசூரியில் ஊதா நிறப் பூச்சுக்குச் சட்ட வலிமை இருக்கிறது: 1993-இல் வந்த சட்டப்படி, மரத்திலோ கம்பத்திலோ குறைந்தது 8 அங்குல நீளத்துக்குச் செங்குத்தாகப் பூசிய ஊதாக் கோடு ‘அத்துமீறி நுழையாதே’ என்னும் பலகைக்குச் சமம். கோட்டின் அடி தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 100 அடிக்கு மேல் இருக்கலாகாது. விடியலுக்கு முன் இருட்டில் நடப்பவருக்கு இந்தக் கோடு தென்படாது என்பதால்தான், முதல் நாள் பகலிலேயே எல்லையைச் சுற்றி நடந்து பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். பொது நிலத்தில் சுடப்பட்ட பறவை வேலிக்கு அப்பால் போய் விழுந்தாலும், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அதை எடுக்கப் போகக்கூடாது.

பெர்மிட்டும் தகுதியும்

வான்கோழிக்கான இளவேனில் பெர்மிட் தனியாக வாங்கப்பட வேண்டியது. மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு கட்டணமும் வெளிமாநிலத்தவருக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதலான கட்டணமும் உண்டு. 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும். இல்லையேல், சான்று பெற்ற ஒருவரின் துணையோடு மட்டும் செல்லும் பயிலுநர் அனுமதியை வாங்க வேண்டும்.

இங்கே பணியாற்ற வந்துள்ள தமிழர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது நடுவண் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தில் உள்ள விலக்குகளுள் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. எனவே ‘நண்பருடைய துப்பாக்கிதானே, ஒரு நாள் பிடித்துப் பார்க்கலாம்’ என்று பெர்மிட் வாங்குமுன் இறங்குவது, விசாவையே பறிகொடுக்கும் நிலைக்கு இட்டுச்செல்லக்கூடிய தவறு. நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

பறவையைக் கண்டறிதலும் அதை ஒட்டிய விதிகளும்

இப்பருவத்தில் சேவலையும், மார்பில் தாடி வெளிப்படையாகத் தெரியும் பறவையையும் மட்டுமே சுடலாம். தாடி என்பது மார்பிலிருந்து தொங்கும் முரட்டு மயிர்க்கற்றை. அபூர்வமாகச் சில பெட்டைகளுக்கும் அது உண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் இனம் இது. பருவம் திறக்கும் நாட்களில் பெட்டைகள் பலவும் ஏற்கெனவே சேர்ந்து, முட்டையிட்டுக்கொண்டோ அடைகாத்துக்கொண்டோ இருக்கும். ஆகவே, சேவல்களில் ஒரு பகுதி குறைவதால் அவ்வாண்டின் குஞ்சுப் பெருக்கம் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதே இந்தப் பருவத்தின் நியாயம். அந்த நியாயம், பெட்டையைச் சுடாமல் இருப்பதில்தான் முழுக்க நிற்கிறது.

அறியாத காட்டில் பறவை இருக்கிறதா என்பதை முதலில் தரையே சொல்லும். நம் வீட்டுக் கோழி குப்பையைக் கிளறுவதுபோல, வான்கோழிக் கூட்டம் ஓக் மரத்தடிச் சருகை வாரி ஒதுக்கி மண்ணைத் திறந்து வைத்திருக்கும். சேவலின் எச்சம் நீண்டு, ஒரு முனையில் கொக்கிபோல் வளைந்திருக்கும். பெட்டையின் எச்சம் சுருண்ட குவியலாகக் கிடக்கும். மார்புச் சிறகின் நுனி கருத்திருந்தால் சேவலுடையது, வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்டையுடையது. வண்டித்தடத்தின் உலர்ந்த புழுதியில் குழிகள் தெரிந்தால் அவை புழுதியில் குளித்த இடங்கள். அண்மையில் திட்டமிட்டுத் தீமூட்டி எரிக்கப்பட்ட காட்டுத் துண்டுகளும், காட்டை ஒட்டிய புல்வெளி ஓரங்களும் நேரில் சென்று பார்க்கத் தக்கவை. எல்லாவற்றினும் உறுதியான சான்று, பொழுது சாயும்போது காதில் விழுவது. பறவைகள் பெருமரங்களில் ஏறி அடையும் நேரத்தில் ஆந்தைபோல் குரல் கொடுத்தால், சேவல் தன்னை மறந்து பதிலுக்குக் கூவிவிடும். எந்த மரத்தில் அடைந்தது என்று தெரிந்துவிட்டால், மறுநாள் இருள் பிரியுமுன், அதற்குச் சற்றுத் தொலைவில், முடிந்தால் அதே முகட்டின் உயரத்தில், ஓசையின்றிப் போய் அமரலாம்.

வேட்டை நேரம் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன் தொடங்குகிறது. பொது நிலத்தில் பகல் 1 மணியோடு முடிகிறது. 2024 முதல் தனியார் நிலத்தில் மாலை வரை நீட்டிக்கப்பட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, பொதுக்காட்டிலும் அப்படியே என்று எண்ணிவிடலாகாது. பெட்டையின் குரலை வாயாலோ மரப்பெட்டியாலோ எழுப்பிச் சேவலை அழைக்கலாம். பதிவுசெய்த குரலை மின்கருவியில் ஒலிபரப்புவது தடை. ரவை சுடும் துப்பாக்கியான ஷாட்கன்னில் நான்காம் எண் ரவையைவிடப் பருமனான ரவை கூடாது; தோட்டாக்கூடும் சுடும் அறையும் சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக்கூடாது. தானியம் தூவிய இடத்தில் வேட்டையாடுவது குற்றம். தானியத்தை முழுவதும் அகற்றிய பின்னும் பத்து நாள் அது தீனியிட்ட இடமாகவே கருதப்படும். தூவியவர் வேறொருவர் என்பது மட்டும் தப்பிக்கும் வழியாகாது. பார்த்தால் தெரியும்படி இருந்த தீனியைக் கவனிக்கத் தவறியதும் உங்கள் பொறுப்பே. ஆகவே தரையைப் பார்ப்பது, பறவைக்காக மட்டுமன்றிச் சட்டத்துக்காகவும் செய்ய வேண்டிய வேலை.

பொது நிலத்தில் நீங்கள் கேட்கும் கூவல் இன்னொரு வேட்டைக்காரர் எழுப்பியதாக இருக்கலாம். குரல் வந்த திசையில் பதுங்கி நகர்வது உயிருக்கே ஆபத்து. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருப்பதால், கைக்குட்டை அளவுக்குக்கூட அந்த நிறங்கள் உடலில் வெளியே தெரியக்கூடாது. தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமருங்கள். வேறொருவர் வருவதைக் கண்டால் கையை அசைக்காமல், உரத்த குரலில் பேசி உணர்த்துங்கள். நடமாடும்போது ஆரஞ்சு நிறத் தொப்பி அணிவது கட்டாயமில்லை; ஆனால் நான் தவறாமல் பரிந்துரைப்பது அதையே. ஓசார்க் பகுதியில் உண்ணிகள் மிகுதி என்பதால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும் நல்லது.

சுட்ட பிறகு

பருவம் முழுவதற்கும் இரண்டு பறவைகள் வரம்பு. முதல் வாரத்தில் ஒன்று மட்டுமே. முதல் வாரம் வெறுங்கையோடு திரும்பியவர் பின்னர் இரண்டும் பெறலாம், ஆனால் ஒரே நாளில் அன்று. பறவை விழுந்தவுடன் பெர்மிட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டிக் குறிக்க வேண்டும். அன்றிரவு 10 மணிக்குள் ‘டெலிசெக்’ முறையில், தொலைபேசி வழியாகவோ துறையின் செயலி வழியாகவோ பதிவுசெய்ய வேண்டும். அதுவரை தலையும் இறகும் அகற்றப்படாமல் இருக்க வேண்டும். வரம்பும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படக்கூடியவை என்பதால், பெர்மிட் வாங்கும் நாளில் அவ்வாண்டுக்கான இளவேனில் வான்கோழிக் கையேட்டையும் துறையின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசி இணைப்பு கிடைக்காத இடங்கள் பல என்பதால், கையேட்டையும் எல்லை வரைபடத்தையும் புறப்படுமுன்பே கைப்பேசியில் சேமித்துவைக்க வேண்டும்.