டிபி மாத்திரை போடுகிறவரின் மனம் ஏன் சோர்ந்துபோகிறது?

இரண்டு மாதம் மாத்திரை போட்டாயிற்று. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, எடையும் கூடுகிறது. ஆனாலும் அவர் எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடக்கிறார். "இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது?" என்கிறார்கள் வீட்டில். கவலை இருக்கத்தான் செய்யும். தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்தால் யார் மனம்தான் நோகாது? (டிபி காற்றில் பரவுவது, தட்டை ஒதுக்குவதால் ஒரு பயனும் இல்லை.) ஆனால் கவலை மட்டுமே காரணம் இல்லை. உடலுக்குள்ளும் சில விஷயங்கள் நடக்கின்றன.

காசநோய்க் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி சாப்பாட்டில் கிடைக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனினை மூளை தயாரிப்பதும் இதே டிரிப்டோபானிலிருந்துதான். இன்டர்ஃபெரான் போன்ற அழற்சிப் புரதங்கள் மூளையின் செயல்பாட்டையும் மாற்றுகின்றன. காய்ச்சலின்போது யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அதற்குக் காரணம் இவைதான். சாதாரணக் காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். டிபியில் இந்த நிலை மாதக்கணக்கில் நீளும்.

மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஐசோனியாசிட் என்ற டிபி மாத்திரை உடலிலுள்ள பி6 வைட்டமினைக் குறைக்கும். செரோடோனின் உருவாக அந்த பி6 தேவை. கை கால் எரிச்சலைத் தடுக்கக் கூடவே கொடுக்கும் பைரிடாக்சின், பி6தான். மருந்துக்கு மசியாத டிபிக்குத் தரப்படும் சைக்ளோசெரின் மனச்சோர்வையே உண்டாக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 1952 வாக்கில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற டிபி மருந்தைச் சாப்பிட்டவர்கள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். செரோடோனினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது என்பது தெரியவந்து, 1957 முதல் மனச்சோர்வுக்கே அதைக் கொடுத்தார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் பிறகு கைவிட்டார்கள். ஆனாலும் மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு டிபி வார்டில்தான் தொடங்கியது.

சரி, டிபியோடு வரும் மனச்சோர்வை ஏன் பல நேரம் யாரும் கவனிப்பதில்லை? அசதி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் டிபிக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான அறிகுறிகள். "டிபி இருந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நுரையீரல் தேறியும் ஆர்வம் திரும்பவில்லை, நம்பிக்கையற்ற பேச்சு இரண்டு வாரமாகியும் மாறவில்லை என்றால், மருத்துவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் மனம் விட்டுப்போனவர் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. மனநல ஆலோசனை உதவும், மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால் சில மனச்சோர்வு மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகும். மருந்துக்கு மசியாத டிபிக்காக லைன்சோலிட் சாப்பிடுகிறவருக்கோ அதே மாத்திரைகள் செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது டிபி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம்தான்.