ஸ்பின்னை 'சுழற்சி'ன்னு எழுதுறத எப்ப நிறுத்துவீங்க?

சிலிக்கான் குவாண்டம் கணினி பத்தி ஒரு மொழிபெயர்ப்பு படிச்சேன், அதுல ஒரு வரி: "எலக்ட்ரானின் சுழற்சியை மைக்ரோவேவ் துடிப்பால் 180 டிகிரி சுழற்சி செய்து கட்டுப்படுத்துகின்றனர்." இதுல முதல் 'சுழற்சி' ஸ்பின், அதாவது எலக்ட்ரானை ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துக்க வைக்கற அதோட பிறவிக் குணம்; ரெண்டாவது 'சுழற்சி' அதைத் திருப்புறது. படிக்கறவனுக்கு எது எதைச் சுத்துதுன்னு புரியுமா? சுத்துறத நிறுத்துறாங்களா, வேகமாக்குறாங்களா? இந்த 'சுழற்சி' தொல்லை ரொம்ப நாளா இருக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ஸ்பின்ங்கற இங்கிலீஷ் சொல்லுக்கு முதல் அர்த்தம் நூல் நூற்கறது, சுத்துறதுங்கறது பின்னாடி வந்தது. 1925-ல ஊலென்பெக், கவுட்ஸ்மிட்ங்கற ரெண்டு இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் பம்பரம் மாதிரி சுத்துதுன்னாங்க. அப்படின்னா அதோட விளிம்பு ஒளியை விட வேகமா போகணுமேன்னு இன்னொரு இயற்பியலாளர் லோரன்ஸ் கேட்டார். பம்பரக் கதை அதோட காலி, பேர் மட்டும் தங்கிடுச்சு.

பாடப்புத்தகத்துல 'தற்சுழற்சி'ன்னு போடுறாங்க. இதுதான் எனக்குப் பெரிய கோபம். பூமிக்குச் சரி, அது நெஜமாவே தன்னைத்தானே சுத்துது. எலக்ட்ரான் ஸ்பின்னோட அளவு மாறவே மாறாது, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, எந்தப் பக்கம் பாக்குதுங்கறத மட்டும்தான் மாத்த முடியும். சிலிக்கான்ல செய்யறதும் அதேதான்: மேல இருக்கற மின்முனைல வோல்டேஜ் வச்சு ஒத்த எலக்ட்ரானைச் சிறைபிடிச்சு, காந்தப்புலத்துல நிறுத்தி, அதுக்குப் பொருந்துற அலைவெண்ல மைக்ரோவேவ் குடுக்கறாங்க (1 டெஸ்லாவுக்கு கிட்டத்தட்ட 28 கிகாஹெர்ட்ஸ்). துடிப்பு எவ்ளோ நேரம் நீடிக்குதோ அவ்ளோ திரும்பும், 180 டிகிரி திரும்பற வரைக்கும் விட்டா மேல பாத்தது கீழ பாக்கும், பாதில நிறுத்தினா ரெண்டும் கலந்த நிலை. இந்தத் திரும்புறதுக்குத்தான் சுழற்சிங்கற சொல் வேணும், அதைப் போய் ஸ்பின்னுக்குக் குடுத்துட்டா இதுக்கு எங்க போவீங்க?

'சுழி'ன்னு சிலர் சொல்வாங்க, சின்னதா அழகா இருக்கு, ஆனா சுழின்னா பூஜ்யம்னும் அர்த்தம் இருக்கே, ஸ்பின்னோட மேல், கீழ் நிலைகளை 0, 1-னு பேசற குவாண்டம் கணினில அது இன்னும் குழப்பம்.

என்னைக் கேட்டா 'சுழன்மை'. நல்+மை நன்மை ஆகற மாதிரி சுழல்+மை சுழன்மை. 'சி'ல முடிஞ்சா நடக்கற செயல் மாதிரி இருக்கு, 'மை'ல முடிஞ்சா வெண்மை, வன்மை மாதிரி பொருளோட குணம். ஸ்பின் ஒரு குணம்தானே, மின்சுமை மாதிரி? பிடிக்கலன்னா ஸ்பின்னுன்னே எழுதுங்க, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல். எல்லாத்துக்கும் 'கட்டுப்படுத்து'ன்னு போடுறதும் மொழிபெயர்ப்பாளர்களோட இன்னொரு வியாதி, கட்டுப்படுத்துறதுன்னா கூட்டத்தையோ விலையையோ அடக்குற மாதிரில்ல இருக்கு.

அந்த வரிய நான் இப்படி எழுதுவேன்: "எலக்ட்ரானின் சுழன்மையை மைக்ரோவேவ் துடிப்பால் 180 டிகிரி திருப்புகிறார்கள்." கட்டுப்படுத்துங்கற சொல் இதுல தேவையே படல பாருங்க.