தேய்ந்த பாகத்தை ஸ்கேன் செய்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும்

"இதை ஸ்கேன் பண்ணி, அப்படியே இன்னொன்று செய்து கொடுங்க." தேய்ந்த பல்சக்கரத்தையோ, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைந்துபோனதையோ மேசையில் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மனதில் இருப்பது ஜெராக்ஸ் மெஷின். முப்பரிமாண ஸ்கேனரோ வெறும் அளவுகோல்தான். என்ன, பொருளைத் தொடாமலே லட்சக்கணக்கான இடங்களை அளந்துவிடும்.

பட்டறை ஸ்கேனர் பொருளின் மேல் லேசர் கோட்டையோ வரிவரியான ஒளியையோ விழவைக்கும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அந்தக் கோடு வளையும். சற்றுத் தள்ளியிருக்கும் கேமரா அதைப் பார்க்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கோணமும் தெரியும் என்பதால், பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கிலேயே ஆழம் கிடைத்துவிடும். கட்டடம் போன்ற பெரியவற்றுக்கு லேசர் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. கிடைக்கும் புள்ளிகளை முக்கோண வலையாகப் பின்னினால் அதுதான் மெஷ்.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் லேசரால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தார். தூண்கள் நேர்கோட்டில் இல்லை என்பதுகூட அதில் தெரிந்தது. 2019 ஏப்ரலில் தீப்பிடித்த பிறகு, எரிவதற்கு முன் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பதிவு சாட்சியாக நின்றது. கோணல் உட்பட, இருந்தது இருந்தபடி. பழஞ்சின்னங்களுக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

இயந்திர பாகத்தில் அதே குணம்தான் தலைவலி. தேய்ந்த துளை தேய்ந்தபடியேதான் பதிவாகும். வடிவமைத்தவர் மனதில் 20 மில்லிமீட்டர் இருந்ததா, 20.2 இருந்ததா என்று ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் முடிவு செய்து, மெஷ்ஷின் மேல் கேட் (CAD) மாடலை, அதாவது சரியான அளவுகளோடு கணினியில் வரையும் வடிவத்தை, புதிதாக வரைய வேண்டும். ஸ்கேன் அரை மணி நேரம் என்றால் இந்த வேலைக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கட்டணத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் கணக்கில் எடுக்காத நாள் அது.

கண்ணாடி, பளபளக்கும் உலோகம், கருப்பு ரப்பர் மூன்றும் ஸ்கேனருக்கு ஆகாது. வெள்ளை ஸ்ப்ரே அடித்துச் சமாளிப்போம். அந்தப் பூச்சுக்கும் ஒரு தடிமன் உண்டு என்பதை நுண்ணிய அளவுகளில் மறக்கக்கூடாது. ஆழமான துளையின் உட்புறமும் சரியாகக் கிடைக்காது. ஒளி எட்டாத இடம் ஸ்கேனரைப் பொறுத்தவரை இல்லாத இடம்.

அப்புறம், மெஷ்ஷைச் சேமித்து அனுப்பும் எஸ்டிஎல் (STL) கோப்பில் எண்கள் இருக்கும், அலகு இருக்காது. மில்லிமீட்டரில் நான் அனுப்பிய கோப்பை ஒருவர் அங்குலமாகத் திறந்து, "உள்ளங்கை அளவு மூடி இரண்டு மீட்டருக்கு மேல் காட்டுதே" என்று பதறி போன் செய்தார். 25.4 மடங்கு! இப்போதெல்லாம் கோப்பின் பெயரிலேயே அலகை எழுதிவிடுகிறேன்.

எனவே ஸ்கேன் செய்ய வரும்போது உடைந்த பாகத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். அது எந்தத் தண்டில் மாட்டும், எந்த உறைக்குள் உட்காரும் என்று பார்த்து அவற்றையும் கழற்றி எடுத்து வாருங்கள். கழற்ற முடியாவிட்டால் வெர்னியரில் அளந்து ஒரு தாளில் எழுதி வந்தாலும் சரி.