டேங்க் கட்டப் பணம் வந்தது, மோட்டார் ஓட்ட?

கடலூர் மாவட்டத்தில், பெரும்பாலும் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கத்துக் கிராமங்களின் குடிநீர்த் திட்டங்களுக்கு எஸ்டிமேட் போட்டுத் தருவது என் தொழில். புது டேங்க் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இருக்கிற மோட்டாருக்குக் கரண்ட் பில் எந்தப் பணத்திலிருந்து போகிறது என்பதைத்தான். பாதிப் பேருக்கு மேல் பதில் தெரியாது.

கட்டுவதற்குப் பணம் வரும் வழி ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததே. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் மிஷனில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்குத் தினம் 55 லிட்டர். 2024இல் முடிய வேண்டியதை 2028 வரை நீட்டியிருக்கிறார்கள். 2024-25 பட்ஜெட்டில் 70,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிவிட்டு, திருத்திய மதிப்பீட்டில் அதை 22,694 கோடியாகக் குறைத்தார்கள். வேலை பாதியில் நிற்கிறதே என்று காண்ட்ராக்டரை மட்டும் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

சரி, கட்டி முடித்தாயிற்று. அப்புறம்?

300 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் 66,000 லிட்டர் தேவை. அதை நூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற, மோட்டாரிலும் குழாயிலும் பாதி சக்தி வீணாவதையும் சேர்த்தால், தினம் சுமார் 36 யூனிட் ஓடும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 8,640 ரூபாய். நிலத்தடி நீர் 150 மீட்டருக்கு இறங்கினால் அதே தண்ணீருக்கு 12,960. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றாமல் சுரங்கம் தோண்டவே முடியாது, கடலோரத்தில் உப்புநீர் ஏறும் பயம் வேறு, ஆக எங்கள் மாவட்டத்தில் இந்த ஆழக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. குழாய் ஒழுகினால் இன்னும் ஏறும். ஆழ்குழாய்க்குப் பதிலாகக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருக்கும் ஊருக்கும் பில் உண்டு, அது குடிநீர் வாரியத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

இதை எதிலிருந்து கட்டுவது? தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மின்கட்டணத்துக்கும் வாரியத்துக்குக் கட்டுவதற்கும் இரண்டாம் எண் கணக்கு என்று தனி வங்கிக் கணக்கே இருக்கிறது. மாநில அரசு ஊராட்சிகளுக்குத் தரும் மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. இன்னொன்று, மத்திய அரசு தரும் 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியம். அதில் 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி, அதாவது வேறு எதற்கும் திருப்பக் கூடாது. அந்தக் கட்டுப்பட்ட நிதியில் பாதி துப்புரவுக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாட்டுக்கு. ஆனால் இது தேர்தல் நடந்து பிரதிநிதிகள் இருக்கும் ஊராட்சிகளுக்கான பணம். கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பிரதிநிதிகளின் இடத்தில் அரசு அதிகாரிகள் தனி அலுவலர்களாக வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவது வெறும் அரசியல் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள், அது குழாய்த் தண்ணீர் வரை வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பணம் சுருங்கினால் முதலில் நிற்பது மோட்டார் இல்லை, குளோரின். மோட்டார் நின்றால் அன்றைக்கே குடத்தோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள், பிளீச்சிங் பவுடர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது, வயிற்றுப்போக்கு வரும்வரை. 66,000 லிட்டருக்குத் தினம் ஏறத்தாழ அரை கிலோ போதும். ஆனால் மூட்டையைப் பிரித்து ஈரத்தில் போட்டு வைத்தால் பவுடரின் வீரியம் போய்விடும், கணக்குப் புத்தகத்தில் மட்டும் தினமும் போட்டதாக இருக்கும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். டேங்க் அடியில் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

தண்ணீருக்குக் காசு வாங்கலாமா என்று கேட்பார்கள். மேலே சொன்ன கரண்ட் பில்லை 300 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 29 ரூபாய்தான், கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டுக்கு இது ஒரு செலவே இல்லை. வசதியில்லாத வீடுகளை விட்டுவிட்டு மற்றவர்களிடம் வாங்கலாம் என்பதுதான் என் கட்சி, ஆனால் வாங்கிய பணம் தண்ணீருக்கே போனதா என்று கிராம சபையில் காட்ட வேண்டும், காட்டாத ஊரில் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கே வருகிறது. போகும் முன் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் திட்டமும் செலவும் வரும், போனிலேயே பார்க்கலாம். கூட்டத்தில் கரண்ட் பில் பாக்கி எவ்வளவு, குடிநீருக்கான கட்டுப்பட்ட நிதி எதற்குச் செலவானது, தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.