'வெளிநாட்டு நன்கொடை' என்னும் பிழை

வண்ணாரப்பேட்டை வழியாக ஓடும் மெட்ரோவை 'ஜப்பான் நன்கொடையில் உருவானது' என்று மறுபடியும் ஒரு செய்தியில் எழுதியிருக்கிறார்கள். திருவொற்றியூரிலும் மணலியிலும் கொசஸ்தலையாற்று வடிநில மழைநீர் வடிகாலுக்காகத் தெருக்களைத் தோண்டியபோதும் இதே சொல்தான் காதில் விழுந்தது. இரண்டுமே கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

கொடு என்பதிலிருந்து கொடை. நல்ல கொடை நன்கொடை. திரும்பக் கேட்காமல் தருவது என்பதே அதன் உயிர். உதவு என்பதிலிருந்து வரும் உதவி அப்படியன்று. கைமாற்றாகத் தரும் கடனும் உதவிதான், இலவசமாகத் தருவதும் உதவிதான்.

அரசுகள் தரும் அயலுதவிக்குப் பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவிக் குழு 1969-இல் ஓர் இலக்கணம் வகுத்தது. வளரும் நாடுகளின் முன்னேற்றம் நோக்கமாக இருக்க வேண்டும், நிபந்தனைகளில் சலுகை இருக்க வேண்டும். திருப்பித் தரத் தேவையில்லை என்று அது சொல்லவேயில்லை. குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட ஜப்பானின் மெட்ரோ கடன் இதற்குள் அடங்கும். ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் நம் வடிகாலுக்குத் தந்த 25.1 கோடி டாலரோ சந்தை வட்டியை ஒட்டிய கடன். அதை உதவி என்பதே மிகை. மேலும், தொண்டு நிறுவனங்கள் பெறும் பணத்தை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிக்க 'வெளிநாட்டு நன்கொடை' என்பதை ஏற்கெனவே ஆள்கிறோம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

தூய தமிழ் வேண்டும் என்று 'அயல் ஈகை' எனச் சிலர் எழுதுகிறார்கள். தூய்மை எனக்கும் வேண்டும். ஆனால் 'வறியார்க்கொன்று ஈவதே ஈகை' என்று வள்ளுவர் எல்லை கட்டிவிட்டார். மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை, அதாவது அளவு குறித்துத் தந்து அதே அளவில் திரும்பப் பெறுவது. நாடுகள் தருவதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடு தர வேண்டும் என்று ஐ.நா. 1970-இல் இலக்கு வைத்தது. 2023-இல் அதை எட்டியவை ஐந்தே நாடுகள். தொகையில் முதலிடம் பெற்ற அமெரிக்கா தன் வருமானத்தில் கால் விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அந்த ஆண்டு அதிகம் பெற்றது உக்ரைன். அதன் துயரம் பெரிது, ஆனால் மிக வறிய நாடுகளின் பட்டியலில் அது இல்லை. தன் மண்ணுக்கு வந்த அகதிகளுக்கு முதல் ஓராண்டு செய்யும் செலவையும் பணக்கார நாடு இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எல்லையே தாண்டாத பணம் எப்படி ஈகையாகும்?

திருப்பித் தர வேண்டாத தொகையை மொழிபெயர்ப்பாளர்கள் 'மானியம்' என்பதும் சரியில்லை. சமையல் எரிவாயு மானியம்தான் நினைவுக்கு வரும். பொதுப்பெயராக 'அயலுதவி' என்றும், அந்த 1969 இலக்கணத்துக்கு உட்பட்டதை 'அரசு வளர்ச்சி உதவி' என்றும் எழுதலாம். அதற்குள் திரும்ப வராதது கொடை, வருவது சலுகைக் கடன். தலைப்பில் இடம் போதாதென்றால் 'கடன்' என்று மட்டும் போடுங்கள். தவணை கட்டப்போகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.