கதவில் நிற்பவர் கையில் என்ன கடிதம்?

குடிவரவு அமலாக்க அதிகாரிகளைப் பற்றி லண்டன் தமிழர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. அவர்கள் எங்கும் நுழையலாம், எதையும் செய்யலாம் என்பது ஒன்று. நீதவானின் ஆணை இல்லாமல் ஓரடிகூட உள்ளே வைக்க முடியாது என்பது மற்றது. குடிவரவுச் சட்டத்தரணியாகிய நான் இரு வகையினரையும் என் மேசைக்கு எதிரே சந்திக்கிறேன். முதல் வகையினர் தட்டியவுடன் கதவைத் திறந்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி, வாசித்துப் பார்க்காத தாளில் கையொப்பமும் வைத்துவிட்டு வருகிறார்கள். இரண்டாம் வகையினர் தங்கள் கடை வாசலை மறித்து நின்று, அதிகாரியின் கடமைக்கு இடையூறு செய்த குற்றச்சாட்டோடு வருகிறார்கள்.

இரண்டு நம்பிக்கைகளும் பிழை. ஹோம் ஒபிஸின் (பிரித்தானிய உள்துறை அமைச்சின்) அமலாக்க அதிகாரி பொலிஸ்காரர் அல்லர். சீருடையும் கைவிலங்கும் பாதுகாப்பு அங்கியும் பார்ப்பவரைக் குழப்புகின்றன. ஆனால் அவருடைய அதிகாரம் பெரும்பாலும் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலிருந்தும் அதில் பின்னர் செருகப்பட்ட பிரிவுகளிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நிபந்தனை. தெருவில் உள்ள அதிகாரம் கடையில் உள்ளதல்ல. கடையில் உள்ளது வீட்டில் இல்லை. எந்தக் கதவில் நிற்கிறார், எந்தத் தாளோடு நிற்கிறார் என்ற இரண்டையும் பார்த்தால்தான் அவர் என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும். அந்தத் தாள் இல்லாத இடத்தில் அவருக்கு வழிவிடுவது பெரும்பாலும் நாமே கொடுக்கும் சம்மதம்.

தெருவை முதலில் முடித்துவிடலாம். 1987இல் தீர்ப்பான சிங் எதிர் ஹம்மண்ட் வழக்கு, துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் வெளியே, நாட்டுக்குள்ளும் ஒருவரைக் குடிவரவு அதிகாரி விசாரிக்கலாம் என்று சொன்னது. ஆனால் அப்படி விசாரிக்கத் தூண்டும் ஏதாவது ஒரு தகவல் அதிகாரியிடம் முன்பே இருக்க வேண்டும். தோலின் நிறமோ பேசும் மொழியோ அந்தத் தகவல் ஆகாது. 2013ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் ரெயில் நிலையங்களில் நடந்த சோதனைகள் அவ்வளவு கண்டனத்துக்கு உள்ளானது இதனால்தான். "வீட்டுக்குத் திரும்பிப் போ" என்ற வாசகத்தோடு ப்ரெண்ட், ரெட்பிரிட்ஜ், ஈலிங் முதலிய பகுதிகளில் ஹோம் ஒபிஸ் வான்களைச் சுற்றவிட்டதும் அதே கோடையில்தான். தமிழர் செறிந்து வாழும் தெருக்கள் அவை, மறந்திருக்க மாட்டீர்கள்.

ரெயில் நிலையத்தில் ஓர் அதிகாரி உங்களிடம் பேச்சுக் கொடுத்தால், "நான் கைதாகியிருக்கிறேனா, போகலாமா?" என்று கேளுங்கள். கைது இல்லையென்றால் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை, போகலாம். நடந்து போங்கள். ஓடினால், ஓடியதையே சந்தேகத்துக்குக் காரணமாக எழுதிவிடுவார்கள். இந்த நாட்டில் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை.

இனிக் கடை. எனக்கு வரும் அவசர அழைப்புகளில் இதுதான் அதிகம். "அக்கா, ஐந்தாறு பேர் வந்து நிற்கிறார்கள். வாரண்ட் கேட்டேன், இல்லை என்கிறார்கள். வெளியே போகச் சொல்லட்டுமா?" என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடையில் மதுபானம் விற்கிறீர்களா, தம்பி?"

விற்கிறார் என்றால் வாரண்ட் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 179ஆம் பிரிவு 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. மதுபானம் விற்கும் கடையிலும், இரவு பதினொரு மணிக்குப் பிறகு சூடான உணவு விற்கும் கடையிலும், அந்த வியாபாரம் தொடர்பாகக் குடிவரவுக் குற்றம் நடக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குடிவரவு அதிகாரி ஆணை இல்லாமலே நுழையலாம். தேவைப்பட்டால் நியாயமான பலத்தையும் பயன்படுத்தலாம். வேண்டுமென்றே தடுத்தால் அது குற்றம். எங்கள் ஆட்களின் கடைகளில் எத்தனை மதுபான உரிமம் இல்லாதவை என்று எண்ணிப் பாருங்கள். திருத்தம் வந்தபோது வியாபாரச் சங்கங்கள் இதைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டிருக்கலாம்.

உரிமம் இல்லாத தொழிலிடங்களுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28சிஏ பிரிவின்படி, உதவிப் பணிப்பாளர் தரத்துக்குக் குறையாத ஹோம் ஒபிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் அனுமதியோடு, ஒருவரைக் கைது செய்வதற்காக நுழையலாம். சட்டத்தரணிகள் இதை ஏ.டி. கடிதம் என்போம். ஏழு நாட்களில் காலாவதியாகும். தேடப்படும் நபர் அங்கே இருப்பார் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். அதிகாரி தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும். யாராவது அகப்படுவார்களா என்று வலைவீச இது உரிமை தரவில்லை. இந்தக் கடிதங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை எல்லைகள், குடிவரவுக்கான சுயாதீனத் தலைமைப் பரிசோதகரே ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார். ஆராய்ந்த வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்கு உரிய நியாயம் காட்டப்படவில்லை. அரசு நியமித்த பரிசோதகரின் முடிவு இது. ஆகவே கடிதத்தைக் கேளுங்கள், தேதியைப் பாருங்கள், முடிந்தால் படம் எடுங்கள். வழிமறிக்க வேண்டாம்.

கடைக்கு மேலே உள்ள அறைகளுக்கு வருகிறேன். கீழே வியாபாரம், மேலே வேலையாட்களின் படுக்கை என்பது எங்கள் வழக்கம். கீழே 179ஆம் பிரிவோடு நுழைந்த அதிகாரி, "மேலேயும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று படியைக் காட்டிப் பணிவாகக் கேட்பார். முதலாளி தலையாட்டுவார். குடியிருக்கும் அறை மதுபானம் விற்கும் இடம் அல்ல. அங்கே அந்தப் பிரிவு ஏறாது. தலையாட்டியதைத்தான் பிறகு "சம்மதம்" என்று குறிப்பேட்டில் காண்கிறேன்.

வீட்டைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம் கூடுதலாகவே சாய்கிறது. பொதுவாக நீதவான் கையொப்பமிட்ட ஆணை வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். ஆணை இருந்தால் 28கே பிரிவின்படி அதிகாரி தன்னை அடையாளம் காட்டி, ஆணையைக் காட்டி, அதன் பிரதியையும் தர வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லையென்றால் கண்ணில் படும் இடத்தில் பிரதியை வைத்துவிட்டுப் போக வேண்டும். கதவைத் திறக்குமுன் கடிதப் பெட்டித் துவாரம் வழியாக அதைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். முகவரி உங்களுடையதா? கதவிலக்கம் சரியா? நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா? தேதி என்ன? எல்லாம் சரியாக இருந்தால் திறந்துவிடுங்கள். செல்லுபடியாகும் ஆணையோடு வந்தவர்கள் கதவை உடைத்தும் வரலாம்; உடைந்த கதவுக்கு ஹோம் ஒபிஸ் பணம் தரப்போவதில்லை.

உள்ளே வந்தபின்பும் எல்லை இருக்கிறது. ஆளைத் தேடும் ஆணை என்றால் ஆள் ஒளியக்கூடிய இடங்களில்தான் தேடலாம். அலமாரி இழுப்பறைக்குள் ஆள் இருக்க முடியாது. ஆனால் அந்த நபரைக் கைது செய்துவிட்டார்கள் என்றால் நிலைமை மாறும். அடையாளம், குடியுரிமை, பயணம் தொடர்பான ஆவணங்கள் அங்கே இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், பொதுவாகத் தலைமைக் குடிவரவு அதிகாரியின் எழுத்து மூல அனுமதியோடு அவற்றைத் தேடலாம். பிரிட்ஜுக்கு மேலே கடவுச்சீட்டை ஒளித்து வைத்தவர்களின் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. எதுவும் நன்றாக முடியவில்லை.

ஆணை இல்லாமல் வந்தால்? "உள்ளே வந்து பேசலாமா?" என்பது ஒரு கேள்வி. "வேண்டாம், ஆணை இருந்தால் காட்டுங்கள்" என்பது சட்டப்படியான பதில். அதைச் சொல்வது குற்றமும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைக்காமல் விடுவது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. சம்மதத்தோடு வீட்டைச் சோதிப்பதென்றால், சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இயலுமானால் எழுத்தில் பெற வேண்டும். பொலிஸாருக்கான நடைமுறைக் கோவை 'பி' சொல்வது இது. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி குடிவரவு அதிகாரிகளும் இந்தக் கோவைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். கொடுத்த சம்மதத்தை இடையில் திரும்பப் பெறலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஒரே வீட்டில் அறைக்கு ஒருவராக வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் அறையைச் சோதிக்கக்கூடாது என்று அதே கோவை சொல்கிறது. முன்கதவைத் திறந்த பக்கத்து அறைத் தம்பி உங்கள் அறைக்குச் சம்மதம் தர முடியாது. நீங்களும் அவருடைய அறைக்குத் தர முடியாது. அறைக் கதவைப் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

பேச்சைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். பொய் சொல்லாதீர்கள். குடிவரவு அதிகாரியிடம் பொய் என்று தெரிந்தே ஒன்றைச் சொல்வது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி தனிக்குற்றம். உங்கள் தஞ்சக் கோரிக்கையின் நம்பகத்தன்மையையும் அது தின்றுவிடும். பெயரைச் சொல்லி, "சட்டத்தரணியோடு பேசிய பிறகு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். கடையில் அகப்பட்டவர்களிடம் எத்தனை மணி நேர வேலை, என்ன சம்பளம், யார் வேலைக்கு வைத்தது என்று கேட்டு எழுதி, அடியில் கையொப்பம் வாங்குவார்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தொலைபேசியிலாவது ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். புரியாததில் கையொப்பமிட மறுத்தால், மறுத்தார் என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். "உதவிக்குத்தான் நின்றேன், சாப்பாடு தருவார்கள்" என்ற ஒரு வாக்கியம் வேலை செய்ததற்கான ஒப்புதலாக மாறியதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நான் பார்த்திருக்கிறேன்.

முதலாளிமார் அந்தத் தாளைப் பற்றி இன்னும் கவலைப்பட வேண்டும். 2024 பெப்ரவரி 13 முதல், வேலை உரிமை இல்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் தடவைக்கு ஆளுக்கு 45,000 பவுண்டுகள் வரை, மறுபடியும் என்றால் 60,000 வரை தண்டம். முன்பு இது 15,000, 20,000 என்று இருந்தது. வேலைக்குச் சேர்க்குமுன் உரிமையை முறைப்படி சரிபார்த்துப் பதிவு வைத்திருந்தால் அதுவே தற்காப்பு. ஊர்க்காரர், தெரிந்த பிள்ளை என்பது தற்காப்பு அல்ல.

கைதாகிவிட்டால், தடுத்து வைக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், ஐ.எஸ். 91ஆர் என்ற படிவம் அது. பெரியவர்களைத் தடுத்து வைக்க இந்த நாட்டில் இத்தனை நாள்தான் என்ற பொதுவான உச்சவரம்பு கிடையாது. நாடுகடத்துவதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மட்டுமே தடுத்து வைக்கலாம் என்ற கோட்பாடு, இந்தியாவிலிருந்து வந்த ஹர்தியால் சிங் என்பவரின் வழக்கிலிருந்து வந்தது. தடுப்பு நிலையத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பெயர் பதியலாம். பிணைக்குத் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பிக்கலாம். சித்திரவதைக்கு உள்ளானவர்கள் மருத்துவரிடம் முதல் நாளே அதைச் சொல்ல வேண்டும். வந்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்குத் தடுப்பு நிலைய விதிகளின் 34ஆம் விதி வழிசெய்கிறது. சித்திரவதையின் அடையாளங்களை மருத்துவர் ஹோம் ஒபிஸுக்கு அறிக்கையிட 35ஆம் விதி இருக்கிறது. தழும்பைக் காட்ட வெட்கப்பட்டு மறைத்தவர்கள் மாதக்கணக்கில் உள்ளே கிடந்திருக்கிறார்கள்.

விமான நிலையம் வேறு உலகம். அங்கே குடிவரவு அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையின்படி நிறுத்தினால், சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆறு மணி நேரம் வரை விசாரிக்கலாம். பதில் மறுப்பது குற்றம். 2001இல் விடுதலைப் புலிகள் தடை செய்யப்பட்ட பிறகு தமிழ்ப் பயணிகளுக்கு இது புதிதல்ல. எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் சோதனை நடந்தால் தெருவில் நின்று பார்க்கலாம், காணொளி எடுக்கலாம். 2021 மே 13ஆம் தேதி கிளாஸ்கோவின் கென்மியூர் தெருவில் அயலவர்கள் வானைச் சூழ்ந்து நின்றதால் இரண்டு இந்தியர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதைக் காட்டி எல்லோரும் வானுக்கு முன்னால் படுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விசா நிலுவையில் உள்ளவருக்கு ஒரு கைது போதும். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சோதனை முடிந்த அன்றே செய்ய வேண்டியது, அதிகாரியின் இலக்கத்தையும் வந்த நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் எழுதி வைப்பது. உடலில் பொருத்திய கமராவின் பதிவு நிரந்தரமாக வைக்கப்படுவதில்லை. அதையும் உங்கள் கோப்பையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கட்டணமில்லாமல் கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கேட்கும்போது, நுழைவதற்குப் பயன்படுத்திய ஆணை அல்லது ஏ.டி. கடிதத்தின் பிரதியும் சம்மதம் பற்றிய குறிப்பும் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். பொதுவாகக் "கோப்பு" என்று மட்டும் கேட்டால் அந்த இரண்டும்தான் விடுபட்டு வரும்.